பாறைக்குள் சபாபதி

மரகதம் வீட்டில் வளர்த்த உப்புநீர் மீன்தொட்டியில் தினமும் காலையில் ஒரு நண்டு உடைந்து கிடந்தது. கொடுக்கு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். ஓட்டுக்குள் ஒன்றும் இல்லை.

உப்பைச் சோதித்தாள். சரியாக இருந்தது. இந்த மாதிரித் தொட்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பைத்தான். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு கூடவே போகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி மெல்ல மெல்ல ஊறுகாய் ஜாடி ஆகிவிடும். மரகதம் அந்தத் தவறைச் செய்பவள் அல்ல. பவளங்கள் விரிந்து செழிப்பாகவே இருந்தன.

"பாறைக்குள்ள என்னமோ இருக்கு. பாத்துட்டு வரேன்," என்றான் அவள் கணவன் சபாபதி.

தொட்டிக்குள் கிடந்த பாறை தேங்காய் அளவு இருக்கும். அதில் கட்டைவிரல் நுழையும் துளை ஒன்று. சபாபதி விரலை விட்டான். கை போயிற்று. தோள் போயிற்று. பிறகு சபாபதி போனான். செருப்பு மட்டும் மேலே மிதந்தது.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். "ஐயோ," என்றான் சபாபதி.

உள்ளே இருந்தது ஓர் இறால். முன்கால்களைக் கும்பிடுவதுபோல் மடித்து வைத்திருக்கும் வகை. கால்களில் சுத்தியல் மாதிரி ஒரு முட்டி. அதை அது வீசுகிற வேகத்தில் தண்ணீர் பிளந்து குமிழியாகும். குமிழி உடையும்போது இன்னோர் அடி விழும். ஓங்குவது ஒன்று, விழுவது இரண்டு. மரகதத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. புருஷன்மேல் விழுவதுதான் பிடிக்கவில்லை.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெயசீலன் வந்தார்.

"என்னம்மா சத்தம்? மேல் வீட்ல எல்லாருக்கும் பல்லு ஆடுதாம்."

"இறால் சார். எங்க வீட்டுக்காரரை அடிக்குது."

"பர்மிஷன் வாங்கியாச்சா?"

"இறாலுக்கா?"

"அடிக்கிறதுக்கு."

அவர் தொட்டியின்மேல் குனிந்தார். இறால் துளை வாசலுக்கு வந்து கும்பிட்டது. ஜெயசீலன் மரியாதை தெரிந்த மனிதர். கைகூப்பி, "வணக்கம்," என்றார். இரண்டு கைகளும் வேலையாக இருந்தன. முகம் சும்மா இருந்தது.

டக். தாடை தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களும் வணக்கம் சொன்னார்கள். அவர்களைத் துண்டு துண்டாகக் கீழே இறக்கி முடிக்க, ஓர் ஆளுக்கே மரகதம் பல தடவை படியேறி இறங்க வேண்டியிருந்தது.

"கும்பிடாம இருக்க வேண்டியதுதானே சார்?" என்றாள் மரகதம்.

"அது கும்பிடும்போது மரம் மாதிரி நிக்கச் சொல்றியா?" என்றது சட்டைப்பை. "நம்மள பத்தி என்ன நெனைக்கும்?"

பாறைக்குள்ளிருந்து சபாபதியின் குரல் வந்தது. "மரகதம், உடையிறதுக்கு இனிமே எலும்பு இல்ல. சீக்கிரம் எதாவது பண்ணு."

"சாப்டீங்களா?"

"நண்டு."

மரகதம் யோசித்தாள். இறாலும் மூச்சு விட்டாக வேண்டும். சோடாவில் இருக்கும் வாயு தண்ணீரைப் புளிப்பாக்கும், மூச்சு முட்ட வைக்கும். முட்டினால் வெளியே வரும்.

"சார், கடையில போய் சோடா வாங்கிட்டு வாங்க. பன்னீர் சோடா வேணாம். வெறும் சோடா."

பாறையை வெளியே எடுத்து, வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். இறால் எட்டிப் பார்த்துக் கும்பிட்டது. மரகதத்தின் இரண்டு கைகளிலும் பாறை இருந்தது. பதில் வணக்கம் சொல்ல வழியில்லை. இறால் குழம்பிப்போய் உள்ளே திரும்பியது. ஜெயசீலன் துளையில் சோடாவை ஊற்றினார்.

இறால் வாளியில் விழுந்தது. அடுத்து சபாபதி விழுந்தான். உயிரோடு இருந்தான். மரகதத்துக்குக் கண் கலங்கியது.

"என்னங்க..."

சபாபதி இறாலின் கண்ணில் ஓங்கி ஒன்று விட்டான். டக்கென்றது. தண்ணீர் பிளந்தது. இறாலின் கண் தெறித்துச் சுவரில் ஒட்டியது. இறால் திருப்பிக் கொடுத்தது. வாளி விரிசல் விட்டது.

"உன் புருஷன் அடியும் ரெண்டு ரெண்டா விழுதும்மா!" என்றது சட்டைப்பை. "பிரிச்சு விடு!"

இப்படிப்பட்ட இரண்டை ஒன்றாக வளர்க்க முடியாது. தனித்தனித் தொட்டி வேண்டும். கண்ணாடி தாங்காது, கனமான அக்ரிலிக் பிளாஸ்டிக் நல்லது. கெட்டி ஓட்டு நத்தை போட்டால் அடிக்கிற கைக்கு வேலை இருக்கும். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவில் ஓர் அட்டையை நிறுத்தி வைக்க வேண்டும். மரகதம் அப்படியே வைத்தாள். இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.