நெருப்புக் காவல்

மாசி மாதம் ரப்பர் மரம் மொட்டையாக நிற்கும். ருவான்வெல்லைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் கணுக்கால் புதையச் சருகு கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும், மலையே போய்விடும். அதனால் அறுபத்தொன்பதாம் வருசம் ஆபீஸ் வாசலில் பலகை மாட்டினார்கள். காம்பரா அடுப்பைத் தவிர வேறெங்கும் நெருப்பு வைக்கக் கூடாது. மலையில் பீடி, சுருட்டு கூடாது. கோயில் திருவிழாவானாலும் வெடி, வாணம் கூடாது. மீறினால் பேர் வெட்டு. வேலையும் போகும், குடியிருக்கும் காம்பராவும் போகும்.

மூக்கையாவை நெருப்புக் காவலுக்குப் போட்டார்கள். இருபது வருசம் பால் வெட்டிய மனுசனுக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கிடைத்ததும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. முதல் வாரமே இருளாயியைப் பிடித்தான். பக்கத்துக் காம்பராக்காரி, புருசனை இழந்தவள். மகள் செல்லிக்கு இழுப்பு. உள்ளே புகைந்தால் பிள்ளைக்கு ஆகாதென்று வாசலில் மூன்று கல்லைக் கூட்டி வெந்நீர் வைத்திருந்தாள்.

"ஒரு பானை தண்ணிதானேண்ணே. கொதிச்சதும் அணைச்சிடுறேன்."

"தொரை போட்ட சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று பானையைக் காலால் தட்டிவிட்டான் மூக்கையா. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் நாகலிங்கம் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை என்றால் பேர் இருக்காது என்று எச்சரித்து எழுதி வைத்தார்.

பதினைந்து நாள் கழித்துத் தொரை மகனுக்குப் பிறந்தநாள். கேகாலையிலிருந்து கார் காராக விருந்தாளிகள் வந்திறங்கினார்கள். பொழுது சாயும் நேரம் மூக்கையா பங்களா வேலியோரம் நின்றான். புல்வெளியிலிருந்து வாணம் ஒன்று சீறிக்கொண்டு கிளம்பியது. விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோனான். தொரை வீட்டு வாணத்துக்கு விசில் ஊதவா? கை தானாக இறங்கிவிட்டது. இரண்டாவது வாணம் சரிந்து, கீழே இளம் ரப்பர்க் கன்று நட்ட மலைக்குள் செக்கச்செவேலென்று விழுந்தது. மேலே பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மூக்கையா இறங்கி ஓடுவதற்குள் சருகு பற்றிக்கொண்டது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த இருளாயிதான் முதலில் ஓடி வந்தாள். குடத்தைக் கவிழ்த்தாள், பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தாள். எரிகிற கட்டையொன்று லயத்து வீடுகள் பக்கம் உருண்டபோது, யோசிக்காமல் வெறுங்கையால் தள்ளிவிட்டாள். ஆட்கள் கூடி அணைத்து முடித்தபோது நாலு ஏக்கர் கன்று கருகியிருந்தது. இருளாயியின் வலது கைத் தோல் வழண்டு தொங்கியது.

மறுநாள் காலையில் கண்டக்டர் மூக்கையாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து எங்கடா நின்ன?"

"பங்களா வேலிக்கிட்டங்க. வாணம் ஒண்ணு விழுந்துதுங்க..."

"வாணமா? நீ பாத்தியா? பாத்தவன் ஏன் விசில் ஊதல? அப்ப வெட்ட வேண்டியது உன் பேரத்தான்."

 கண்டக்டர் எழுதி வைத்திருந்த தாளை அவன் பக்கம் தள்ளினார். வாசலில் நெருப்பு வைத்து ஏற்கெனவே பிடிபட்டவளே இப்போதும் வைத்தாள், காவல்காரன் கண்ணால் கண்டான் என்று அதில் எழுதியிருப்பதாக வாசித்தும் காட்டினார். மூக்கையா பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான்.

பிறகு இருளாயியைக் கூட்டி வந்தார்கள். ஆபீசில் காத்திருந்த பொலிஸ் ராலஹாமி சிங்களத்தில், "அத பென்னன்ன" என்றார். கையைக் காட்டச் சொல்கிறார், மருந்து போடத்தான் என்று நினைத்து, சுற்றியிருந்த துணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்து நீட்டினாள்.

"பாருங்க, நெருப்பு வச்ச கை" என்றார் கண்டக்டர்.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஐயோ, அணைச்ச கைங்க! அண்ணே, நீங்களும் நின்னீங்களே, சொல்லுங்கண்ணே!"

மூக்கையா சுவரைப் பார்த்தான்.

"செல்லிய பாத்துக்கங்கண்ணே" என்றுதான் ஜீப்பில் ஏறும்போது கத்தினாள். அன்று மத்தியானமே கண்டக்டர் சொன்னபடி அவள் சட்டி பானையை வெளியே எடுத்து வைத்து, காம்பராவைப் பூட்டியவனும் மூக்கையாதான். செல்லியை அவன் பெண்சாதி இராஜம், யாரிடமும் கேட்காமல் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

ஒரு மாதம் கழித்து மறியல் சிறையிலிருந்து இருளாயி வந்தாள். சரியான மருந்தில்லாமல் புண் அழுகி, இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். இனி பால் வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாது. மகளைக் கூட்டிப்போக வந்தவள், வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"வாணம் விழுந்தத பாத்தீங்களா இல்லையா? எனக்கு மட்டும் சொல்லுங்க. யாருகிட்டயும் போக மாட்டேன்."

"பாக்கல" என்றான் மூக்கையா.

இருளாயி இடது கையால் செல்லியைப் பிடித்துக்கொண்டு குருவிட்டயில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டாள். வளைவு வரைக்கும் கூடப் போய்விட்டுத் திரும்பிய இராஜம், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூக்கையா தானே வடித்து, தானே போட்டுச் சாப்பிட்டான். பசி இருந்தது.