அரிசிக்குள் மூன்று வெண்ணெய்ப் பழம்

பழம் என்றால் அதற்கு ஒரு வாசனை வேண்டும். பலாப்பழம் நாலு வீடு தள்ளி இருந்தாலும் நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லும். கொய்யா சொல்லும். கேட்பாரில்லாத நாவல் பழத்துக்குக்கூட ஒரு மணம் உண்டு. மகன் விக்னேஷ் பையிலிருந்து எடுத்து வைத்த மூன்றையும் மாணிக்கவாசகம் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றுமில்லை. தட்டிப் பார்த்தார், மரக்கட்டை மாதிரி சத்தம் வந்தது. தோல் தேரையின் முதுகு.

"இன்னா வெல?"

"அது எதுக்குப்பா உனக்கு?"

"சொல்லுடா."

"மூணும் நானூத்தி இருவது."

"நானூத்தி இருவதுக்கு மூணு கட்டை. எவனோ உன் மூஞ்சியப் பாத்துட்டுத் தள்ளி உட்டுட்டான்."

"காயாத்தான் வரும்பா. அரிசிக்குள்ள பொதைச்சு வச்சா மூணு நாள்ல பழுத்துடும். வெள்ளிக்கெழமைக்குச் சரியா இருக்கும். நோண்டாத. அவ இது ஒண்ணத்தான் கேக்குறா."

அவள் என்றால் மருமகள் கீர்த்தி. மூன்றாம் மாதம். ஐந்து வாரமாக அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. சோறு கொதித்தால் குமட்டல், கடுகு வெடித்தால் ஓட்டம். கஞ்சி குடித்தால் கஞ்சி வந்தது, இளநீர் குடித்தால் இளநீர் வந்தது, ஒன்றும் குடிக்காவிட்டால் மஞ்சளாகப் பித்தம் வந்தது. பிள்ளையார்பாளையத்து வீடுகளில் ஒரு சுவருக்கு இரண்டு சொந்தக்காரர்கள், அவள் ஓங்கரிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. மாணிக்கவாசகம் தறிக்குழியில் உட்கார்ந்து, பட்டு இழைக்குள் நாடாவை ஓட்டி நெய்துகொண்டே எண்ணுவார். காலையில் நாலு, மத்தியானம் மூன்று.

நாலு கிலோ குறைந்துவிட்டாள். டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லியிருந்தாள், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அப்பவும் ஒண்ணும் தங்கலைன்னா சாயந்திரமே கொண்டுவந்து சேர்த்துடுங்க." மாணிக்கவாசகத்துக்கு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை கிடையாது. உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது எதையாவது ஒன்றைக் குறைத்துக்கொண்டுதான் வருகிறார்கள் என்பது அவர் கணக்கு. இந்தத் தடவை எது குறையும் என்று நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கீர்த்தி சென்னையில் வேலை பார்த்தபோது ஆபீஸ் கேன்டீனில் ஒரு பண்டம் சாப்பிட்டாளாம். இந்தப் பழத்தை மசித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கலக்கியது. குவாக்கமோலி என்று பெயர். அடுப்பு வேண்டாம், தாளிப்பு வேண்டாம், ஜில்லென்று இருக்கும், அது மட்டும் உள்ளே போகும் என்று தோன்றுகிறது என்றாள்.

"பழத்துல வெங்காயமா?" என்று கேட்டபோதே மாணிக்கவாசகத்துக்கு நாக்கடியில் எச்சில் ஊறியது. நல்ல எச்சில் இல்லை.

அவர் மனைவி பொன்னியம்மாள் மகளின் ஆபரேஷனுக்காக ஆரணி போயிருந்தாள். அங்கிருந்தே போனில் அதட்டினாள். "மசக்கைக்காரி கேட்டதக் குடுக்கலன்னா கொழந்தைக்குக் காதுல சீழ் வடியும். அவ மண்ணக் கேட்டாலும் சலிச்சுக் குடு. வாய மூடிக்கினு செய்."

சரி. ஆனால் நானூற்று இருபது ரூபாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? தர்ப்பூசணிக்காரன்கூட முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி, சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறான். விக்னேஷ் ஒரகடம் கம்பெனிக்குக் கிளம்பியதும் மாணிக்கவாசகம் கத்தியை எடுத்தார். முதல் பழத்தின் விலாவில் முக்கோணமாக வெட்டித் துண்டை நெம்பினார். உள்ளே வெளிறிப்போன பச்சை, பச்சை உருளைக்கிழங்கு போல. துண்டைத் திரும்ப அந்த ஓட்டையிலேயே பொருத்தினார். அது நிற்கவில்லை. தறியடியில் கிடந்த அரக்குச் சிவப்புக் கழிவு இழையை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இழுத்தால் இறுகுமே தவிர அவிழாத முடிச்சு.

ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? இரண்டாவதையும் வெட்டினார், கட்டினார். மூன்றாவதில் கத்தியை வைக்கப்போனபோது போன் அடித்தது. பொன்னியம்மாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"ஒண்ணும் பண்ணல!" என்று கத்திவிட்டு, மூன்றையும் அரிசிப் பானைக்குள் புதைத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அன்றைக்குக் கிருத்திகை. மாணிக்கவாசகம் முப்பது வருஷமாகக் கிருத்திகைக்கு விரதம். குமரக்கோட்டம் போய்க் கும்பிட்டுவிட்டு, விளக்கு வைத்த பிறகு ஒருவேளைச் சாப்பாடு. வெங்காயத்தை அன்றைக்குத் தொடமாட்டார். விக்னேஷ் ஆறு மணிக்கே கட்டைப்பையில் இரண்டு நைட்டி, துண்டு, பிளாஸ்க், ரிப்போர்ட்டு எல்லாம் திணித்துக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். "சாயந்தரம் வந்ததும் கெளம்பணும்பா. ரெடியா இருங்க."

கீர்த்தி காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

"மாமா, அது பழுத்துச்சான்னு பாருங்களேன். நான் எழுந்தா தலை சுத்துது."

மாணிக்கவாசகம் பானைக்குள் கையை விட்டார். முதலில் பட்டது நூல். இழுத்து எடுத்தார். துண்டு உள்ளே அமுங்கி, ஓட்டையைச் சுற்றிச் செத்த எலியின் வயிறு போலக் கறுத்திருந்தது. வெண்பூஞ்சை. அதற்குள்ளிருந்து ஒரு அரிசி வண்டு சாவகாசமாக வெளியே வந்து அவர் கட்டைவிரல்மேல் ஏறியது. பின்னாலேயே இன்னும் மூன்று. புளித்த கள்ளும் பழைய சாக்கும் சேர்ந்த நாற்றம். இரண்டாவதும் அதே அழகு. கையை உதறிவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிச் சாக்கடை ஓரம் வீசினார். முருகா, இது என் புத்திக்குக் கிடைத்த செருப்படி என்று ஒத்துக்கொண்டார், மனசுக்குள் மட்டும்.

மூன்றாவது, வெட்டாதது. தோல் கறுத்து, அழுத்தினால் கன்னம்போல் அமுங்கியது.

"இருக்குது, ஒண்ணு பழுத்திருக்குது."

"மூணு வாங்கினாரே?"

"எலி தின்னுடுச்சு."

"அரிசிப் பானைக்குள்ளயா?"

"இந்தத் தெரு எலி எங்க வேணா போவும். இப்ப இன்னா செய்யணும், அதச் சொல்லு."

கீர்த்தி கட்டிலிலிருந்தே சொன்னாள். அவர் அடுக்களையிலிருந்து செய்தார். சுற்றிலும் வெட்டித் திருகியதும் பழம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் மாட்டுக் கண் அளவுக்கு ஒரு கொட்டை. ஸ்பூனால் சுரண்டினார். சதை வழுவழுவென்று வந்து தண்ணீரில் ஊறிய சோப்பு போல விரலிடுக்கில் ஏறியது. பட்டு நெய்கிற கை. எண்ணெய்ப் பிசுக்கு என்றாலே அந்தக் கைக்கு ஆகாது, புடவையில் ஒரு பொட்டு பட்டாலும் போச்சு. அவர் கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் சுரண்டினார்.

"எதுலம்மா மசிக்கிறது?"

"கீரை கடையுற சட்டி, மத்து போதும் மாமா. ரொம்பக் கூழாக்கிடாதீங்க, திப்பித் திப்பியா இருக்கணும்."

கூழாக இருந்தாலாவது கண்ணை மூடிக்கொள்ளலாம். திப்பித் திப்பியாக அது இன்னும் மோசம். பால் குடிக்கிற குழந்தைக்கு மாந்தம் வந்தால் பச்சையாகப் போகுமே, அதேதான், அச்சு அசல். இதைக் காசு கொடுத்துத் தின்கிறார்கள், சென்னையில், படித்தவர்கள்.

"வெங்காயம் பொடியா நறுக்கிப் போடுங்க. தக்காளி வெதைய எடுத்துடுங்க. மிளகாய் பாதி போதும். கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சம்பழம் ஒரு மூடி."

"பழத்துக்கு உப்பு, மிளகா! நாய் பாக்குமாம்மா இத?"

"மாங்காய்க்கு உப்பு மிளகாய்த் தூள் போட்டு நீங்க திங்கல?"

"அது காய். காய்க்குப் போடலாம்."

"சீக்கிரம் எலுமிச்சை புழிங்க மாமா, இல்லன்னா கறுத்துடும்."

கறுக்கவும் செய்யுமா இது! மாணிக்கவாசகம் வெங்காயத்தைக் கையில் எடுத்தார். முப்பது வருஷம். முருகனுக்குக் கண் இருந்தால் கட்டிலில் கிடக்கிறவளையும் பார்த்திருப்பான் என்று சொல்லிக்கொண்டு நறுக்கினார். எல்லாவற்றையும் கலந்து பிழிந்து, மத்தைத் தூக்கினார். ஒரு கட்டி மத்திலிருந்து மெதுவாக, வெட்கம் கெட்டு, சட்டிக்குள் நழுவி விழுந்தது. ஜலதோஷக்காரன் மூக்கு.

கிண்ணத்தில் எடுத்து இரண்டடி வைத்தவர் நின்றார்.

அந்த இரண்டும் கெட்டிருந்தன. இதுவும் அவற்றோடு அதே அரிசிக்குள் மூன்று நாள் கிடந்தது. வெட்டாதது என்றாலும், உள்ளே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? முன்பின் தெரியாத பழம், கெட்டதற்கும் கெடாததற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? மாசமாக இருக்கிற பெண் வயிற்றுக்குள் போகப் போகிறது. வீட்டில் அவரையும் அவளையும் தவிர வேறு ஆள் இல்லை.

ஒரு விரல் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். காலையிலிருந்து வெறும் வயிறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நக்கினார்.

அது நாக்கில் கரையவில்லை, படர்ந்தது. விளக்கெண்ணெய் போல மேலண்ணமெல்லாம் பூசிக்கொண்டது. நடுவே பச்சை வெங்காயம் ஒன்று நறுக்கென்றது. கெட்ட ருசி என்று சொல்ல முடியாது, ருசி இருந்தால்தானே. கெட்டுப்போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. விழுங்கினார். அது தொண்டைக்குக் கீழே போய், அங்கே உட்கார்ந்துகொண்டு, மேலே வரட்டுமா என்று கேட்டது. இரு, என்றார்.

கீர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். மாணிக்கவாசகம் வாளியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார்.

"வாளி வேணாம் மாமா, இருங்க."

இரண்டாவது ஸ்பூன். மூன்றாவது. "தட்டை இருக்குதா?" என்றாள். பலகார டப்பாவைக் கொடுத்தார். தட்டையில் அதை அள்ளினாள், கடித்தாள், கடித்த தட்டையை மறுபடியும் கிண்ணத்துக்குள் விட்டு அள்ளினாள். எச்சில் கிண்ணம்! வேறு நாளாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். இன்றைக்கு அந்த எச்சில் கை எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று. கிண்ணத்தின் ஓரத்தை விரலால் வழித்து நக்கினாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு காத்திருந்தார்கள். அவர் தறியில் உட்காரவில்லை, சத்தத்தில் காது கேட்காமல் போய்விடும். அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். எதுவும் அவள் வயிற்றில் கால் மணி தங்கியதில்லை. கால் மணி ஆயிற்று. அரை மணி. கீர்த்தி ஒரு ஏப்பம் விட்டாள். அவர் பாதி எழுந்துவிட்டார். வெறும் ஏப்பம். ஒரு மணி நேரம் ஆனபோது அவள் கால் நீட்டிப் படுத்துப் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

அவ்வளவுதான். இனி பிடித்து வைக்கத் தேவையில்லை என்று அவர் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. மாணிக்கவாசகம் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். சாக்கடை ஓரம் குனிந்தார். தெருவே கேட்கிற மாதிரி எடுத்தார். பச்சை. போகும்போது எப்படி இருந்ததோ வரும்போதும் அப்படியே, ஒரு மாற்றமும் இல்லை, அந்த வெங்காயம்கூட.

"த்தூ! இதையும் ஒரு மனுஷன் கண்டுபுடிச்சான் பாரு!"

நிமிர்ந்தால் பின்வாசலில் கீர்த்தி நின்றுகொண்டிருந்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு. ஐந்து வாரத்தில் அவள் துணையில்லாமல் இவ்வளவு தூரம் நடந்தது இதுதான் முதல்.

"மாமா, உங்களுக்கு எத்தினாவது மாசம்?"

"போம்மா உள்ள!"

அவள் போகவில்லை. சிரித்துக்கொண்டே சாக்கடை ஓரம் பார்த்தாள். பார்த்த இடத்தில் கண் நின்றது. அங்கே இரண்டு கறுத்த பழம், இடுப்பில் அரக்குச் சிவப்பு இழையோடு.

"ஏன் மாமா, எலி தின்னுட்டு நூல் சுத்தி முடிச்சு வேற போட்டுட்டுப் போவுமா?"

மாணிக்கவாசகம் வாயைக் கொப்பளித்தார். நிறைய நேரம் கொப்பளித்தார். "நெசவுக்காரத் தெரு எலிம்மா" என்றார் கடைசியில்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் பயந்துபோய் வாளியைத் தேடினார். ஒன்றும் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"சாயந்தரம் பசிக்கும் மாமா. இன்னும் நாலு வாங்கினு வாங்க, ஒண்ணாவது பழுத்ததாப் பாத்து. ஆனா கத்திய இங்கேயே வச்சுட்டுப் போங்க."

நாலு பழம், ஐநூற்று அறுபது ரூபாய். மறுபடியும் அந்தச் சோப்பைச் சுரண்ட வேண்டும், அந்த மூக்கொழுக்கைப் பார்க்க வேண்டும். கெட்டதா என்று வேறு யார் நக்கிப் பார்ப்பார்கள்? வசவு ஒன்றைக் கடித்து விழுங்கிக்கொண்டு பையைத் தேடினார். வீட்டில் இருந்த ஒரே பை கட்டில் காலடியில் இருந்தது. நைட்டி, துண்டு, பிளாஸ்க், ரிப்போர்ட்டு எல்லாவற்றையும் கட்டில்மேல் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காலிப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.