பச்சைத் துளி

ஞாயிற்றுக்கிழமைகளில் தோர்கில் எல்லோருக்கும் முன்பே விழித்துவிடுவார். நான் அறைக்குள் காலை வைத்ததும், கண்ணைத் திறக்காமலேயே வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கேட்பார். தேய்த்து மாட்டியிருக்கிறேன் என்பேன். அடுத்த வார்த்தை எப்போதும் ஒன்றுதான்.

"அஸ்தா, நாறுது."

"இருங்க தோர்கில், போன்ல பாக்குறேன்."

"போன்ல எதுக்குப் பாக்குற? உனக்கு மூக்கு இல்லையா?"

மூக்கு இருந்தது. இரவு முழுவதும் உடம்புச் சூட்டில் ஊறிய சிறுநீரின் புளித்த வாடை, கதவைத் திறந்த உடனேயே தொண்டைக்குள் இறங்கியிருந்தது. ஆனால் போனில் அவருடைய அறை எண்ணுக்கு நேராக ஒரு துளி பச்சையாக இருந்தது. பச்சை என்றால் டயப்பர் இன்னும் தாங்கும் என்று பொருள்.

ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரையில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்துக்கு இந்தத் துளி போன குளிர்காலத்தில் வந்தது. டயப்பரின் முன்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சாரை மாட்டிவிட வேண்டும். அது ஈரத்தை அளந்து போனுக்குச் சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு. புது டயப்பர்கள் தாழ்வாரத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கும். துளி மஞ்சளைத் தொட்ட அறைக்கு மட்டும்தான் அந்த அலமாரி திறக்கும். பாதி நனைந்ததையெல்லாம் நாங்கள் வீணாகத் தூக்கி எறிகிறோம் என்று நகராட்சியில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

டயப்பர் மட்டுமல்ல. அவர் புரண்டு படுத்தால் மெத்தை சொல்லும். காலைத் தரையில் வைத்தால் தரை சொல்லும். எத்தனை மடக்கு குடித்தார் என்று கோப்பை சொல்லும். அறையில் இருந்த எல்லாப் பொருளும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. அவரோடு பேச நானும் என்னோடு வேலை பார்க்கும் யுட்டெயும்தான்.

தோர்கில் கூட்டுறவுப் பால்பண்ணையில் வெண்ணெய் எடுத்தவர். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு பாத்திரத்தைத் தொட்டதில்லை. பக்கவாதம் வந்து வலது காலும் வலது கையும் போன பிறகும், சாப்பிடும் முன் இடது கையை நீட்டி, கழுவிவிடச் சொல்லிக் காத்திருப்பார். அப்படிப்பட்டவரை நான் பச்சைத் துளியோடு உட்கார வைத்தேன். துளி வந்த பிறகு நடந்த முதல் ஞாயிறு ஆராதனைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது, பொதுக்கூடத்து வாசலில் கதவுச் சட்டத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"திருப்பு."

"யாருக்கும் தெரியாது தோர்கில். மேல போர்வை இருக்கு."

"எனக்குத் தெரியுமே. இந்தக் கோலத்துல நான் திருவிருந்துக்குப் போகமாட்டேன்."

திருப்பினேன். அறையில் இருந்தபடியே பாட்டுச் சத்தத்துக்கு உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் போன் குளிர்ச்சியாகக் கிடந்தது. கையில் ஒட்டிய அழுக்கை உதறுவதுபோல அதை உதற வேண்டும் என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு யுட்டெ ஒரு வழி சொன்னாள். யுட்டெ எங்களிலேயே மூத்தவள். குரலும் பெரிசு, மனசும் பெரிசு.

"மிச்சக் காப்பி இருக்கா பிளாஸ்க்ல?"

"நேத்தைய காப்பி. எதுக்கு?"

"பச்சைத் துளிக்குத் தாகமா இருக்கு. குடிக்கக் குடுப்போம்."

முதலில் தோர்கிலைக் கழுவித் துடைத்தோம். கழற்றிய டயப்பரைச் சென்சாரோடு கழுவுதொட்டியில் வைத்து அவள் காப்பியை ஊற்றினாள். உள்ளே இருந்த கூழ் வெந்த ஜவ்வரிசிபோல உப்பிக்கொண்டு வந்தது. காப்பி மணமும் மூத்திர வாடையும் கலந்து எழுந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"திரும்பாத. பாரு, மாறுது" என்றாள் யுட்டெ.

மஞ்சள், பிறகு சிவப்பு. தாழ்வாரத்தில் அலமாரி 'டக்' என்று திறந்தது.

தோர்கில் வெள்ளைச் சட்டையோடு திருவிருந்துக்குப் போனார். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெகுநேரம் இருந்தார். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலக் காப்பியும் வெண்ணெய் தடவிய பன்னும் வந்தன. போதகர் யொஹானெ தானே கூஜாவை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"இந்த ஒரு கோப்பைக்காகத்தான் உங்க பிரசங்கத்தைப் பொறுத்துக்கறேன்" என்றார் தோர்கில்.

"தெரியும். அதான் சுருக்கமா முடிக்கறேன்" என்றார் யொஹானெ.

இப்படியே சில ஞாயிறுகள் போயின. எனக்கு உள்ளுக்குள் சரியாக இல்லை. ஆண்டவரிடம் போக ஒரு மனிதரைப் பொய் சொல்லித் தயார் செய்கிறோமே என்று யுட்டெயிடம் சொன்னேன்.

"யார்கிட்ட பொய் சொன்னோம்? ஒரு பொத்தான்கிட்ட. போய் வேலையப் பாரு" என்றாள்.

பொத்தான் அளந்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் நிர்வாகி ரிக்கெ என்னைத் தன் அறைக்கு அழைத்துத் திரையைக் காட்டினாள். ஆறு நாள் மேடுபள்ளம் இல்லாத கோடு. ஞாயிறுதோறும் காலையில் ஒரு மலை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் தோர்கிலுக்கு நெறைய போகுது. டாக்டர் பாத்தாரு."

"டாக்டர் வந்தாரா?"

"வரல. இதப் பாத்தாரு. காப்பிய நிறுத்திப் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு. காலை, சாயங்காலம், ஆராதனைக் காப்பி, எல்லாமே."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். யுட்டெக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஞாயிறும் ஊற்றினோம். ஊற்றாவிட்டால் அவர் வாசலோடு நின்றுவிடுவாரே.

ஆராதனை முடிந்து காப்பி வண்டி வந்தது. வண்டியில் இருந்த சிறிய திரையில் தோர்கிலின் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோப்பை. யொஹானெ கூஜாவைச் சாய்க்கப் போன கையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீரைத் தோர்கில் முன் வைத்தேன். பக்கத்தில் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பன்னைத் தொடவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தோள் குலுங்கச் சிரித்தார்.

"நான் குடிக்க வேண்டிய காப்பிய என் டயப்பர் குடிக்குதா?"

"ஆமா."

சிரிப்பு அடங்கியது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப கணக்கு இதான். சுத்தமா இருந்தா காப்பி கெடையாது. காப்பி வேணும்னா நாத்தத்தோட கெடக்கணும்."

நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

"பண்ணையில மாட்டுக்குக்கூட தெனமும் வைக்கோல் மாத்துவாங்க அஸ்தா. எந்த மாட்டையும் கொஞ்சம் பொறு, நீ இன்னும் பச்சைன்னு யாரும் சொன்னதில்ல."

அவர் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். என் கையில் காப்பியும் மூத்திரமும் மணந்துகொண்டே இருப்பதுபோல் தோன்றியது. இரண்டு தடவை கழுவினேன்.

திங்கட்கிழமை ரிக்கெயிடம் போய், ஊற்றியது நான்தான் என்றேன். யுட்டெயின் பெயரைச் சொல்லவில்லை. ரிக்கெ சத்தம் போடவில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"காப்பிய நிறுத்துனதோட போச்சு. அதப் பாத்து மாத்திரைய மாத்தியிருந்தா? அவர் இதயத்துக்கு என்ன ஆயிருக்கும்னு யோசிச்சியா?"

யோசித்திருக்கவில்லை. அவள் சொன்னது நியாயம். தலையைக் குனிந்துகொண்டேன்.

"காப்பி இன்னைக்கே திரும்ப வரும். இனிமே ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

"சரி. அலமாரி?"

"அலமாரி என் கையில இல்ல. நகராட்சி போட்ட ஒப்பந்தம். எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா இது?"

"வர்ற ஞாயிறு நீ வா ரிக்கெ. திரையில பாக்காத. அவர் பக்கத்துல வந்து நில்லு."

"ஞாயிறு எனக்கு லீவு. பொண்ணுக்கு நீச்சல் போட்டி."

"ஆராதனைக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் போதும்."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு காலை, மழை சொட்டும் கோட்டோடு தோர்கிலின் அறை வாசலில் நின்றாள். துளி பச்சையாக இருந்தது. போனில் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"காலை வணக்கம் தோர்கில்" என்று குனிந்து கையை நீட்டினாள். அவர் இடது கையால் பிடித்துக் குலுக்கினார். அப்படிக் குனிந்தபோதுதான் வாடை அவள் முகத்தில் அடித்தது. மூக்கு சுருங்கியது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பினாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

தோர்கில் அதைப் பார்த்துவிட்டார்.

"மன்னிச்சிடும்மா" என்றார். "ராத்திரியிலேர்ந்து இப்படியே இருக்கேன்."

ரிக்கெயின் போன் அதிர்ந்தது. நடவடிக்கை தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தது. அவள் அதை வாசித்தாள். பிறகு, எதையோ மிதித்த செருப்பைக் கழற்றி வைப்பதுபோல, விரல் நுனியால் பிடித்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்றாள்.

அவள் கழுத்தில் மாட்டியிருக்கும் பட்டையில் ஒரு சிறிய சிவப்புச் சாவி தொங்கும். மின்சாரம் போனாலோ தீப்பிடித்தாலோ அலமாரியைத் திறக்க. அதைக் கழற்றிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். அலமாரி திறந்ததும் எங்கள் எல்லோருடைய போன்களும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. பொதுக்கூடத்தில் யாரோ பியானோவில் முதல் பாட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து யுட்டெ ஓடிவந்தாள்.

"எங்க தீ?"

"தீ இல்ல. தோர்கில் கோயிலுக்குப் போறாரு" என்றாள் ரிக்கெ.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, சோப்புப் போட்டுக் கழுவினாள். தோர்கில் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்துக்கொள்ள, அவளே அவரைத் துடைத்தாள். நாற்றத்துக்குக் கண்ணில் நீர் வந்தது, நிறுத்தவில்லை.

"தண்ணி சூடா இருக்கா?"

"இப்பக் கறந்த பால் மாதிரி இருக்கு. போதும்."

வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டோம். திருவிருந்தின்போது ரிக்கெ கடைசி வரிசையில் ஈரக்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஆராதனைக்கு வந்து நான் பார்த்ததில்லை. பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தெரியாமல் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்வரிசையிலிருந்து தோர்கில் திரும்பி, பக்க எண்ணை விரல்களால் காட்டினார்.

காப்பி வந்தது. யொஹானெ ஊற்றினார். தோர்கில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கோப்பையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

ரிக்கெயின் போன், அலமாரியை ஏன் திறந்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தீ, மின்தடை, மற்றவை. அவள் மற்றவை என்பதைத் தொட்டு, 'நாற்றம்' என்று எழுதினாள். காரணம் ஏற்கப்படவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடியும் அதையே எழுதினாள். மறுபடியும் வந்தது. பன்னைக் கடித்துக்கொண்டே மூன்றாம் முறையும் எழுதினாள்.

மறுநாள் காலை தோர்கிலின் அறைக்குப் போனேன். அதே வாடை. துளி பச்சை. திங்கட்கிழமைக்கு ஆராதனை இல்லை, திருவிருந்தும் இல்லை. அதனால் மட்டும் ஒரு மனிதர் நாற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே ரிக்கெயின் அறைக்கு நடந்தேன். அவள் நகராட்சியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் யாரோ உரக்கப் பேசுவது வாசல் வரை கேட்டது.

நான் கையை நீட்டினேன். அவள் பேச்சை நிறுத்தாமலேயே சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"காரணம் என்ன போட?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நேத்து போட்டதையே போடு."