புருவத்து வெட்டு

பட்டறையில் பைக்காரருக்கு வைத்த பெயர் ‘திருப்பிப்பாரு’. தோல் பை, தோல் பெட்டி என்று நாற்பது வருஷமாகத் தைத்தும் தட்டியும் வருகிற மனுஷன். யார் எதைக் கொடுத்தாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார். பையைத் திருப்பினால் யார் கேட்கப் போகிறார்கள். ஒருநாள் முதலாளி கொடுத்த கல்யாணப் பத்திரிகையையும் அவர் முன்னாலேயே திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவர் திருப்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் விட்டது மச்சானை மட்டும்தான். மனைவியின் அண்ணன், பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. பெண்டாட்டி முன்னமே போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகள் கடல் தாண்டிப் பிழைக்கிறாள். ஆக, இரண்டு வருஷமாக முன்னறைக் கட்டில் டிரைவருக்கு. முப்பது வருஷத்தில் இந்த இரண்டு பேரும் ஒருவரைப்பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, மாப்பிள்ளைக்கு டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி என்று டிரைவர் அடுப்படியில் சொன்னது இவர் காதில் விழுந்திருந்தது. அது இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

மகள் அடுத்த மாதம் வருவதாகப் போன் வந்தது. கூடவே ஐந்து வயதுப் பையன். டிரைவர் அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பல்லே முளைக்கவில்லை. பைக்காரரின் மனைவி அன்றைக்கே மெத்தை உறையெல்லாம் உருவித் துவைக்கப் போட்டாள். டிரைவர் மட்டும் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறியது.

காரணம் பைக்காரருக்குத் தெரியும். போன வருஷம் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் வந்தது. தாத்தா உன்னைப் பார்க்கிறேன் வா என்று டிரைவர் அதன் முகத்தை இரண்டு கையாலும் தடவினார், கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. பிள்ளை வீறிட்டுக்கொண்டு ஓடியது ஓடியதுதான், அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. அதிலிருந்து சின்னப் பிள்ளைகள் சத்தம் கேட்டால் டிரைவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

பேரன் எப்படி இருக்கிறான் என்று வீட்டில் எல்லாரையும் கேட்டுப் பார்த்தார். முழு நிலா மாதிரி இருக்கிறான் என்றாள் தங்கச்சி. ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கடைசியில், வேறு வழியில்லாமல், பைக்காரரிடம் வந்தார்.

“அவங்க சொன்னா எனக்கு நிலாதான் தெரியுது, மூஞ்சி தெரியல. நீ பாத்துச் சொல்லு மாப்ள. இந்த வீட்டுல என்னைச் சந்தோஷப்படுத்தணும்னு நினைக்காத ஒரே ஆளு நீதான்.”

பைக்காரர் மனைவியின் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“காது ரெண்டும் பெட்டிக் கைப்பிடி மாதிரி வெளிய நிக்குது. மூக்கு என்னவா வரப்போறோம்னு இன்னும் முடிவு பண்ணல. ஒரு புருவத்துல வெட்டு. எங்கயோ விழுந்திருக்கான்.”

“இது மூஞ்சி,” என்றார் டிரைவர். “முழுசும் முன்னாடியே தெரிஞ்சுபோச்சுன்னா அவனைத் தடவ வேண்டியதில்ல பாரு. ஒரு விரல், ஒரு இடம். அவ்வளவுதான். பயப்பட மாட்டான்,” என்றார்.

வாயால் முழுசும் சொல்ல பைக்காரருக்குத் தெரியாது. கையால் தெரியும். பைகளின் மேல் பூவும் இலையும் புடைத்து நிற்குமே, அது அவர் வேலை. தாயும் பிள்ளையும் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்திருந்த படத்தில் தாயை வெட்டிவிட்டு, பையன் முகத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து வாங்கினார். கடைக்காரன் எதையாவது மாற்றிவிடுவான் என்று அச்சு வெளியே வருகிறவரை பக்கத்திலேயே நின்றார். பிறகு டிரைவரின் மகளுக்குப் போன் போட்டு, பையனின் காதுக்குக் காது எத்தனை அங்குலம், நெற்றியிலிருந்து தாடைக்கு எத்தனை என்று டேப் வைத்து அளக்கச் சொன்னார். தொப்பி தைக்கப் போறீங்களா மாமா என்று அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

கெட்டித் தோலை நனைத்து, உள்பக்கத்தில் படத்தை வைத்துக் கோடு இழுத்து, அந்தப் பக்கமிருந்தே உருண்டைமுனைக் கம்பியால் கன்னத்தை, மூக்கை, காதை வெளியே தள்ளினார். பைக்குச் செய்கிற அதே முறை. ஞாயிற்றுக்கிழமை மூன்று போயிற்று. புருவத்தை நூல் நூலாகக் கீறி, நடுவில் வெட்டுக்கு மட்டும் ஒரு இடைவெளி விட்டார். காய்ந்ததும் டிரைவர் மடியில் போட்டார்.

டிரைவர் அன்று சாயங்கால ரேடியோ கேட்கவில்லை. விரல் காதில் தொடங்கும், கன்னத்தில் இறங்கும், மூக்கேறி, புருவத்து வெட்டில் போய் நிற்கும். ஒரு வாரத்தில் அவருக்கு அந்த வழி பழைய பஸ் ரூட் மாதிரி மனப்பாடமாகிவிட்டது. எந்த வளைவில் வேகம் குறைக்க வேண்டும் என்றுகூடத் தெரியும் என்றார். தங்கச்சியிடம்தான் சொன்னார், மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

பையன் வர ஒன்பது நாள் இருக்கும்போது பைக்காரரின் மனைவி போனையும் தோலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெட்டு புருவம் மாறியிருக்கிறதே என்றாள். பைக்காரர் வாங்கிப் பார்த்தார். படத்தில் பையனின் வலது புருவத்தில் வெட்டு. தோலில் இடது புருவத்தில். உள்பக்கம் வைத்து இழுத்த கோடு வெளியே வரும்போது இடம் வலமாகத்தானே வரும். நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் செய்கிறார். பூவுக்கு ஏது இடது வலது. அதனால் இத்தனை காலம் தெரியவே இல்லை.

எதற்கும் பையனின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள் மனைவி.

“கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. மனுஷன் பொய் சொல்லுவான், போட்டோ சொல்லாது.”

வேறொரு தோலை நனைத்து, திரும்ப இழுத்தார், இந்த முறை படத்தைக் கண்ணாடி ஜன்னலில் பின்பக்கமாக வைத்து வரைந்துகொண்டு. நாலு நாளில் இரண்டாவது முகம் தயார். டிரைவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பழகியவனைக் கொண்டுபோய்விட்டு வேறு எவனையோ கொடுக்கிறாய் என்று சண்டைக்கு வந்தார். தப்பானது என் கையைவிட்டுப் போகாது என்று பைக்காரர் முதல் தோலை வாங்கி, இரண்டாக மடித்து, பின்கட்டில் ஆடிக்கொண்டிருந்த தன் வேலை மேசையின் காலுக்கு அடியில் கொடுத்தார். மேசை ஆட்டம் நின்றது. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே புது ரூட்டைப் படித்தார்.

வந்தார்கள். பையன் அம்மா முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தாத்தா கிட்டே போ என்று அவள் தள்ள, அவன் இன்னும் ஒட்டிக்கொண்டான். டிரைவரின் கை தொடைக்கு அடியில் இருந்தது.

“நான் உன்னைத் தொட மாட்டேன்,” என்றார். “எனக்கு உன்னைத் தெரியும். காது எப்படி இருக்கும், மூக்கு எப்படி இருக்கும், எல்லாம் தெரியும். புருவத்துல ஒரு வெட்டு இருக்குல்ல? அதை மட்டும் ஒரு விரலால பாத்துக்கவா?”

பையன் அம்மாவைப் பார்த்தான். பிறகு இரண்டடி முன்னால் வந்தான். டிரைவர் ஒரே ஒரு விரலை நீட்டினார். பைக்காரர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விரல் பையன் முகத்துக்கு வந்து, தடுமாறாமல், வலது புருவத்தின் நடுவில் போய் நின்றது. வெட்டு இல்லை. புருவம் முழுசாக இருந்தது.

டிரைவரின் விரல் அங்கேயே நின்றது. அவர் முகம் சுருங்கி, கை பின்வாங்கப் போனது.

“இங்க இல்ல தாத்தா,” என்றான் பையன். கணக்கைத் தப்பாகப் போட்டவனைப் பார்க்கிற வாத்தியார் குரல். “இந்தப் பக்கம்.” விரலைப் பிடித்து இழுத்து இடது புருவத்தில் வைத்தான். “இங்க. ஊஞ்சல்ல விழுந்தேன். இங்கயும் அடி.” தாத்தாவின் கையை முழுசாகப் பிடித்துத் தன் முழங்கைக்குக் கொண்டுபோனான். பிறகு முழங்காலுக்கு. பிறகு, இது ஆடுது பார் என்று, பல்லுக்கு.

அந்தப் படம் முன்பக்கக் கேமராவில் எடுத்தது, கண்ணாடி மாதிரி இடம் வலமாகத்தான் விழும் என்றாள் டிரைவரின் மகள். பைக்காரர் போனை வாங்கி, திருப்பி, அதன் முதுகைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“மாப்ள,” என்றார் டிரைவர், பல்லிலிருந்து விரலை எடுக்காமல். “முதல்ல செஞ்சவன் எங்க?”

பைக்காரர் பின்கட்டுக்குப் போய், மேசையைத் தோளால் தூக்கி, தோலை உருவினார். மூக்கின் குறுக்கே மடிப்பு விழுந்திருந்தது. நனைத்துத் தட்டினால் போய்விடும், முழுசாகப் போகாது. இரண்டாவதை மடித்து மேசைக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தார். பின்னாலேயே வந்த பையன் விடவில்லை. ஒன்று தாத்தாவுக்காம், ஒன்று தனக்காம்.

அவர்கள் இருந்த அந்த ஒரு மாதமும் மேசை ஆடியது. பைக்காரர் ஒரு காலால் அதை மிதித்துக்கொண்டே வேலை பார்த்தார்.