பிரிக்க மிச்சமில்லாத துணி

தையல்காரர் தன் கால்சட்டையின் இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைக் கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கியது. உள்மடிப்பில் கூடுதலாகத் துணி விட்டுத் தைப்பது அவர் பழக்கம். இடுப்பு பெருக்கும்போதெல்லாம் கொஞ்சம் பிரித்துவிட்டுக்கொள்வார். எந்த உடையும் இறுக்காததால், தான் எவ்வளவு பருத்துவிட்டார் என்பது அவருக்கு முழுதாக உறைக்கவே இல்லை. இன்று பிரிக்கத் துணி மிச்சமில்லை.

காலையில்தான் மருத்துவர் சொல்லியிருந்தார்: "ஈரல்ல கொழுப்போட தழும்பும் விழ ஆரம்பிச்சிருக்கு. நடந்தீங்க, பத்தியம் இருந்தீங்க, எடை இறங்கி மறுபடி ஏறிடுச்சு. இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் உங்களுக்குப் பொருந்தும். எடை குறைஞ்சா ஈரல் தேற நல்ல வாய்ப்பிருக்கு. இப்படியே விட்டா சுருங்கிடும்."

செய்தி கேட்டு வந்த அக்கா, துணி வெட்டும் மேசையில் சாய்ந்துகொண்டாள். "ஒரு சொட்டு குடிச்சதில்ல, உனக்கு எப்படிடா ஈரல் கெடும்? வாயைக் கட்ட முடியாதவன் வயித்தை வெட்டிக்கிறானாம். நாலு பேர் சிரிப்பாங்க."

அவர் தலை குனிந்தது. பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"குடிக்காதவங்களுக்கும் வரும் அண்ணி. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். எனக்கு இவர் வேணும்."

தையல்காரர் கால்சட்டையை ஓரமாக வைத்தார். "தேதி கேட்டுடு," என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்ததோடு பாடு தீரவில்லை. சின்னக் கிண்ணத்தில் சூப், விடாமல் சத்து மாத்திரை, ஆற்றங்கரையில் நடை. விருந்துக்குப் போனால் மற்றவர்களின் தட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். பிரித்த தையல்களையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே பிடித்துத் தைத்தார். அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் ஈரல் தழும்பு குறைந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் அக்கா தன் கோட்டுடன் வந்தாள். "பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விடுடா. துவைச்சதுல சுருங்கிடுச்சு."

அவர் கோட்டை உள்புறம் திருப்பினார். முன்பு பிரித்த தையல்களின் தடம் வரிசையாகத் தெரிந்தது. எல்லாம் அவர் கைவேலை.

"இந்தத் தடவை பிரிக்க மாட்டேன்கா."

"எனக்கே வேலை செய்ய மாட்டியா நீ?"

"உடம்பைப் பாக்காம துணியையே சரிபண்ணி நான் கிட்டத்தட்ட போய்ச் சேர்ந்திருப்பேன். நோய்க்கு வைத்தியம் பாத்துக்கிறதுல வெட்கமே இல்ல. வெட்கப்பட்டு நாளைக் கடத்துறதுதான் ஆளைக் கொல்லும். வா, முதல்ல ஈரலைப் பாத்துட்டு வருவோம். மருந்தா, நடையா, ஆபரேஷனான்னு டாக்டர் சொல்லட்டும்."

"ஆபரேஷன் பேச்செல்லாம் எடுக்கக் கூடாது, ஆமா," என்ற அக்கா, பொத்தான் போட முடியாத அந்தக் கோட்டையே மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் படியிறங்கினாள்.