மழைக்கு வெளியே வராத கார் யாருக்கு வேண்டும்

பதினோரு வாரமாக இர்மேலா ஒரே ஒரு முடிவெடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ஸ்வாபிய மலையடிவாரத்து ஊரில் மருந்துக்கடை நடத்துகிறவள். வயது ஐம்பத்தாறு. மூன்று முறை சரிபார்க்காமல் எந்த மாத்திரையையும் யார் கையிலும் கொடுத்ததில்லை. மருந்துக்கு அது நல்ல பழக்கம். வாழ்க்கைக்கும் அதையே வைத்துக்கொண்டதுதான் கோளாறு. நல்ல பீங்கான் தட்டுகளை விருந்தாளிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். விருந்தாளி வந்தாலோ, இவரைவிடப் பெரிய விருந்தாளி வரக்கூடும் என்று சாதாரணத் தட்டில்தான் கேக்கை வைப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குப் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை வந்துவிட்டது. இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம், இருபத்தாறு வயது. அது இதுவரை ஓடியது நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். விளம்பரத்தைப் பார்த்த அன்றே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். 'வாங்காதே' என்ற பக்கத்தில் பதினேழு காரணங்கள் மளமளவென்று சேர்ந்தன. 'வாங்கு' என்ற பக்கத்தில் ஒன்றே ஒன்று: ஆசையாக இருக்கிறது. அதையும் பென்சிலால்தான் எழுதியிருந்தாள்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி அர்னோவைக் கூட்டிக்கொண்டு காரைப் பார்க்கப் போனாள். அர்னோ வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறான். ஊரார் கார்களுக்கு அடியில் படுத்துக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே இருபத்தெட்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவன். தன் காரை மட்டும் கீழே தேவாலயத்துப் பக்கம் நிறுத்திவிட்டான். விற்கிறவர் வீட்டுச் சந்தில் சேறாம்.

"நாலு லட்சத்துப் பதினெட்டாயிரமா? இந்தத் தூரத்துக்கு நிலாவுக்கே போயிருக்கலாம்க்கா" என்று வழியெல்லாம் புலம்பினான்.

"நீ பாக்கறத மட்டும் பாரு. வாங்கறதும் வாங்காததும் என் பாடு" என்றாள் இர்மேலா. வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டால் நல்லது என்றும் உள்ளுக்குள் நினைத்தாள்.

விற்கிறவர் குட்ருன் டாக்டர் என்ற பெண்மணி. மாட்டு டாக்டர். மலைமேல் இருக்கிற பண்ணைகளுக்கெல்லாம் இந்தக் காரில்தான் போய் வந்தாராம். போன கோடையில் ஒரு காளை அவரைச் சுவரோடு வைத்து அழுத்தியதில் வலது கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. அந்த நாட்டுக் கார்களில் கியர் வலது கைப் பக்கம்; இனி அதைப் போடுகிற வலு அந்தத் தோளுக்கு வராது என்று சொல்லிவிட்டார்களாம். முழங்காலும் தகராறு. தரையோடு தரையாக இருக்கும் அந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்கவே இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. கார்க் கதவைத் திறந்ததும் மாட்டுத்தொழுவ வாசனை குப்பென்று வந்தது.

அர்னோ முதலில் எஞ்சின் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

"ஸ்டார்ட் ஆகற கோளாற மறைக்க முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வெக்கல. நாணயமான ஆளுதான்" என்று அக்காவின் காதில் சொன்னான்.

பிறகு டார்ச், கண்ணாடி, காந்தம் எல்லாவற்றோடும் காருக்கு அடியில் போனவன், அரை மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது எழவு வீட்டுக்குப் போய் வந்தவன் போலிருந்தான்.

"துரு இல்லக்கா."

"சரி."

"எண்ணெய் ஒழுகல. எல்லாத்தையும் காலாகாலத்துல மாத்தியிருக்காங்க."

"அதுக்கு ஏண்டா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?"

"ஏதாவது ஒண்ணு இருந்திருந்தா நிம்மதியா வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?"

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இந்த யானையோ படுக்கவே இல்லை. இர்மேலாவின் பதினேழு காரணங்களில் ஒன்பது அங்கேயே செத்தன. முடிவு தன் தலையிலேயே வந்து விடியும் போலிருக்கிறதே!

யோசிக்க இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பதற்காகவும், நல்ல பெயர் வாங்குவதற்காகவும் அவள் பேச ஆரம்பித்தாள்.

"ஒருவேளை நான் வாங்கினா, நீங்க கவலையே பட வேணாம் டாக்டர். கண்ணுல வெச்சுக் காப்பாத்துவேன். ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும் மட்டும் ஓட்ட அனுமதிக்கற நம்பர் பிளேட்தான் போடப் போறேன். பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பு தூவற சீசன் பூரா, துருப் பிடிக்காம கராஜ்லதான் இருக்கும். மழையில வெளிய எடுக்கவே மாட்டேன்."

அந்தப் பக்கத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்களிடம் இதைச் சொன்னால் போதும், பெண்ணைக் கொடுக்கிற மாமனார் மாதிரி உருகிப்போவார்கள். போதாததற்கு அர்னோ வேறு, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான்.

"மேல போத்தறதுக்கு மெத்துனு ஒரு உறைகூட அக்கா பாத்து வெச்சிருக்கு டாக்டர்."

குட்ருன் டாக்டர், அர்னோ திறந்து வைத்திருந்த முன்மூடியை இடது கையால் டப்பென்று சாத்தினார்.

"அப்ப இந்த வண்டி உங்களுக்கு இல்லீங்க."

"என்ன டாக்டர்?"

"பனியில, உப்புல, சாணியில ஓடின வண்டி இது. கன்னுக்குட்டி என்ன நல்ல நாள் பாத்தா பொறக்குது? ஓடிக்கிட்டே இருந்ததாலதான் உங்க தம்பிக்கு அடியில ஒண்ணும் கெடைக்கல. இதக் கொண்டுபோய் போர்வை போத்தி, பொணம் மாதிரி படுக்க வெக்கப் போறீங்களா? வேற எடம் பாருங்க."

வேண்டாம் என்று தான் சொல்லலாமா என்றுதான் பதினோரு வாரமாக இர்மேலா யோசித்திருந்தாள். எதிராளி சொல்லக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. கடைசியில், ஐம்பத்தாறு வயதில் ஒரு சேற்றுச் சந்தில் நின்றுகொண்டு, அந்தக் கார் வேண்டும் என்று அழவேண்டும் போலிருந்தது. மீதியிருந்த எட்டுக் காரணங்களில் ஒன்றுகூட அவள் நினைவுக்கு வரவில்லை.

"வாக்கா, போலாம். தப்பிச்சோம்" என்றான் அர்னோ.

அப்போதுதான் டாக்டரின் போன் அடித்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"ஹார்ட்முட் பண்ணை. கன்னுக்குட்டி பின்பக்கமா வருதாம். என் கூட வேல பாக்கற பையன் நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கான்." அர்னோவைப் பார்த்தார். "உங்க கார் எங்க?"

"கீழ... தேவாலயத்துகிட்ட. நேத்துதான் கழுவினேன் டாக்டர்" என்று இழுத்தான் அர்னோ.

டாக்டர் அவனோடு நேரத்தை வீணாக்கவில்லை. சாவியை இர்மேலாவின் கையில் திணித்தார்.

"நீங்க ஓட்டுங்க. எனக்கு மாட்டுக்குள்ள போற கை எப்பவும் இடது கைதான், அத நான் பாத்துக்குவேன்."

மழை தூற ஆரம்பித்திருந்தது. இரண்டே இருக்கை, அர்னோவுக்கு இடமில்லை. கையில் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா! சோதனை ஓட்டத்துக்கு ஒப்பந்தப் படிவம் இருக்கு! இன்னும் கையெழுத்துப் போடல!"

முதல் கிலோமீட்டருக்கு இர்மேலா மருந்து பாட்டிலைத் தூக்கிப் போகிறவள் போல ஓட்டினாள்.

"இந்த வேகத்துக்கு மாடே நடந்து நம்மகிட்ட வந்துடும்ங்க. மூணாவது கியர்ல போட்டு மிதிங்க" என்றார் டாக்டர்.

மிதித்தாள். முதுகை யாரோ பிடித்துத் தள்ளியது போலிருந்தது. பாதை மலையில் ஏறியது, மழை பனிக்கலவையானது, உப்புத் தண்ணீர் கண்ணாடியில் வாரி அடித்தது. இர்மேலா "ஐயோ" என்றாள். ஒரு கொண்டை வளைவில் பின்சக்கரம் கொஞ்சம் விலகி, தானாகவே திரும்பி வந்து சேர்ந்தது. மறுபடியும் "ஐயோ" என்றாள். அடுத்த வளைவில் ஐயோ சொல்ல மறந்துவிட்டாள். அதற்கடுத்த வளைவில் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை வருடமாயிற்று இப்படிச் சிரித்து! டாக்டர் இடது கையால் இருக்கை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பண்ணை முற்றத்துச் சேற்றில் வழுக்கி நின்றது கார். மேலிருந்து கீழ்வரை என்ன நிறம் என்று சொல்ல முடியாத கோலம். தொழுவத்திலிருந்து ஓடிவந்த ஹார்ட்முட், வழக்கம்போல ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைப் பிடித்து இழுத்தார்.

"சீக்கிரம் வாங்க டாக்டர், மாடு படுத்துட்டு..." பாதியில் நிறுத்தினார். "யாரும்மா நீங்க? டாக்டர் காருல நீங்க எப்படி?"

"டாக்டர் காரு இல்லீங்க, என் காரு!" என்று இர்மேலா கத்தினாள். "டாக்டர் அந்தப் பக்கம் இருக்காங்க, எறங்க முடியல. போய்க் கை குடுத்துத் தூக்குங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. யாரையும் கேட்காமல், எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் சொல்லிவிட்டாள். காது மடல் சூடானது. திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். மனம் வரவில்லை.

ஹார்ட்முட்டின் கையைப் பிடித்து முனகிக்கொண்டே எழுந்து நின்ற குட்ருன் டாக்டர், சேறு வழிந்த கார்க் கூரைக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"உங்க காரா?"

"ஆமா" என்றாள் இர்மேலா.

"அப்ப உங்க டிக்கியில கன்னு இழுக்கற கயிறு ரெண்டு கெடக்கு. எடுத்துட்டு ஓடி வாங்க."

நல்ல செருப்போடு சேற்றில் காலை வைத்தாள் இர்மேலா.