நாற்பத்தோராவது பல்

இயந்திரத்தின் முனை பல்லின் மேல் மெல்ல இறங்கியது. லேப் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ‘டக்’. எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று திரையில் வந்த எண்ணைத் தாளில் எழுதினாள். பிறகு பல்லை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் ‘போச்சு’ என்று எழுதினாள்.

‘பல்லை உடைச்சிடுவேன்’ என்று மற்றவர்கள் கோபத்தில் சும்மா சொல்வதை, பல் மருத்துவக் கல்லூரியில் அவள் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தாள். வேர் சிகிச்சை செய்த பல் உறுதியாக நிற்க, வேருக்குள் ஒரு குச்சியை இறக்குவார்கள். போஸ்ட் என்று பெயர். பிடுங்கிய பற்கள் நாற்பது. இருபதில் உலோகப் போஸ்ட், இருபதில் ஃபைபர். எது பலம் என்று, ஆராய்ச்சி செய்யும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். உலோகம் அதிக பாரம் தாங்கியது. ஆனால் உடைந்தபோது வேரையும் பிளந்துகொண்டு போனது. ஃபைபர் சீக்கிரமே விட்டுக்கொடுத்தது; வேர் முழுசாக இருந்தது. இதைக் கவனித்துச் சொன்னவளே அவள்தான். அதற்காகவே ‘போச்சு’, ‘பிழைச்சது’ என்று இரண்டு வார்த்தை வைத்திருந்தாள்.

“என்னா கண்ணுக்கா உங்களுக்கு!” என்றார் டாக்டர்.

அந்த வாரமே அவளுக்குப் பல்வலி. வலப் பக்கம் மென்று சாப்பிட மிச்சமிருந்த ஒரே பல். டாக்டரே உட்காரவைத்து வேர் சிகிச்சை செய்து, போஸ்டும் வைத்தார். “எங்கம்மாவுக்குப் போடறதைத்தான் உங்களுக்கும் போட்டிருக்கேன்” என்றார். “தங்கமான மனுஷன்டி” என்று மகளிடம் நாலு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம், மதியச் சாப்பாட்டின்போது, வாய்க்குள் ‘டக்’ என்றது. அவளுக்குத் தெரியாத சத்தமா அது?

எக்ஸ்ரேயில், வேருக்குள் ஆணி அடித்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. ஃபைபர் என்றால் மங்கலாகத்தான் தெரியும்.

“இது உலோகம், டாக்டர்.”

“ஃபைபர் ஆராய்ச்சிக்குன்னு அளவா வந்ததுக்கா. உலோகத்துல ரெண்டு மீந்திருந்துச்சு. நல்லா பாரம் தாங்கும்ல?”

“எவ்வளவு தாங்கும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். உடைஞ்சா வேரு போயிடும்னும் நான்தான் எழுதினேன். அதைப் படிச்சுட்டுத்தானே என் வாயில வெச்சீங்க?” “உங்கம்மாவுக்கும் இதைத்தான் வெச்சீங்களா?”

“வாயைத் திறங்கக்கா” என்றார் அவர், ஊசியை எடுத்தபடி.

பல் இரண்டாகப் பிளந்து வந்தது. டாக்டர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“நிஜ வாய்க்குள்ள உடைஞ்சது! கட்டுரையில படமாப் போட்டா எவ்வளவு எடுப்பா இருக்கும்! உங்களை விட்டா இதை ஒழுங்கா படம் எடுக்க ஆள் இல்லக்கா. பேரு வேணாம், நம்பர் போதும்.”

பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. பல்லைக் கழுவிக் கறுப்புத் துணியில் வைத்து, பக்கத்தில் 41 என்று சீட்டு ஒட்டினாள். படம் எடுத்ததும் பழைய தாளைத் தேடி எடுத்தாள். உலோகம் என்றிருந்த பக்கத்தின் கடைசியில், பாரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, அதற்கடுத்த கட்டத்தில் ‘போச்சு’ என்று எழுதினாள்.